மறு: ‘சுற்று வளைப்பு’க்கு வேறு சொல்

> சர்க்கிட் பெண்டிங் (பழைய மின்னணுப் பொம்மைகளின் சுற்றில் புது இணைப்பு கொடுத்துப் புது ஒலி எடுக்கும் கலை) என்பதற்குச் ‘சுற்று வளைப்பு’ போதுமே. நேரடியாக இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். ‘சுற்றி வளைத்துப் பேசாதே’ என்றே காதில் விழுகிறது. ஈழத்தவருக்குச் சுற்றிவளைப்பு என்றால் ராணுவம் ஊரைச் சூழ்ந்துகொண்டு வீடு வீடாகத் தேடுவது. ஒரு கலைக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா சொன்ன ‘சுற்றுத்திரிபு’ பரவாயில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி படித்தவர்களுக்குத் திரிபு ஒரு குறை இல்லை. ஆனால் ஒலியில் டிஸ்டார்ஷனைத் திரிபு என்கிறோம். இரண்டும் ஒரே மேசையில் வரும்.

செய்கையைப் பார்ப்போம். 1960களில் அமெரிக்காவில் சிறுவனாக இருந்த ரீட் கசாலாவின் மேசை இழுப்பறைக்குள் ஒரு பொம்மை ஒலிபெருக்கி திறந்தபடி கிடந்தது. அதன் பலகை ஏதோ உலோகத்தில் பட்டு, விநோதமாக ஒலி எழுப்பியது. 1992இல்தான் இந்த வேலைக்கு அவர் ஆங்கிலப் பெயர் வைத்தார். அவர் எதையும் வளைக்கவில்லை. வடிவமைத்தவர் இணைக்காமல் விட்ட இரண்டு புள்ளிகளை இணைத்தார், அவ்வளவுதான்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு இதைத்தான் செய்கிறோம். பேட்டரியில் ஓடும் பழைய பொம்மைகள் மட்டும். பிளக்கில் மாட்டும் எதையும் திறக்க விடுவதில்லை. போன வாரம் ஒரு பொம்மை பியானோவில் சுருதியைத் தீர்மானிக்கும் மின்தடையைக் கழற்றினோம். அந்த இடத்திலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, கவிழ்த்து வைத்த மங்கின்மேல் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) மெல்லிசாகப் பூசிய ரப்பர் பாலில் பதித்தோம். புதுப் பாலில் பாதிக்குமேல் தண்ணீர், அதில் உப்புகளும் உண்டு; மின்சாரம் கடக்கும். காயக் காயத் தடை ஏறுகிறது, சுருதி இறங்குகிறது. முழுசாகக் காய்ந்த ரப்பர் மின்சாரத்தை விடாது. பாட்டு மெல்ல மெல்லத் தாழ்ந்து நின்றபோது ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை.

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். ரப்பர்த் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர். கன்றின் பட்டையை ஜன்னல் போலத் திறந்து, வேறு மரத்தின் மொட்டுப் பட்டையைச் செருகி, சுற்றிக் கட்டுவார். மூன்று வாரம் கழித்துப் பிரித்துச் சுரண்டிப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் ‘ஒட்டுப் பிடிச்சிருச்சு’. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் இனத்து மரங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். நாங்களும் கம்பியைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்க்கிறோம்; புது ஒலி பிறந்தால் ஒட்டுப் பிடித்தது. ஒரு வேறுபாடு உண்டு: கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள், பொம்மையின் பழைய பாட்டையோ ஒரு சுவிட்ச் வைத்துக் காப்பாற்றலாம்.

ஆகவே ‘ஒட்டுச்சுற்று’. வினையாக்கினால் ஒட்டுக்கட்டு, ஒட்டுக்கட்டிய பொம்மை.

—

தம்பி,

ஏற்கிறேன். கம்பியை ஈயத்தால் பற்றவைப்பதோடு மாணவர்கள் குழப்பிக்கொள்வார்களோ என்று யோசித்தேன். அதற்குப் பற்றாசு என்ற சொல் தனியாக இருக்கிறது, சரி. இன்னொன்று வேண்டும்: ஒலி மாறும் அந்தப் புள்ளிக்கு என்ன பெயர்? மொட்டு ஒட்டைக் ‘கண் ஒட்டு’ என்றும் சொல்வார்கள். ‘கண்’ என்றே வைக்கலாமா? குமரி மாவட்ட ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்கள் அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதுவரை கலைச்சொல் பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.