புதுப்பிப்பு: டிஎஸ்எஸ்ஓபி சிப்பை பிரெட்போர்டில் இணைத்தாயிற்று

டிஎஸ்எஸ்ஓபி என்ற, 0.65 மி.மீ. கால் இடைவெளி உள்ள சின்ன வகைச் சிப்பை, 2.54 மி.மீ. துளை இடைவெளி உள்ள பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) எப்படிச் செருகுவது என்று கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்ன அடாப்டர் போர்டே (சிப்பின் நெருக்கமான கால்களை 2.54 மி.மீ. ஊசிகளுக்கு விரித்துத் தரும் சிறு பலகை) கைகொடுத்தது, சிப் நன்றாக ஓடுகிறது. நன்றி!

ஈயம் நன்றாகப் பரவி ஒட்ட உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாகத் தடவி, எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை மட்டும் முதலில் பற்றவைத்தேன். லென்ஸ் வைத்து, கால்கள் நேராக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஈயம் ஏற்றிய சால்டரிங் அயர்ன் முனையை மற்ற கால்கள்மேல் மெதுவாக இழுத்தேன். ஈயம் தானாகவே அந்தந்தக் காலில் போய் ஒட்டிக்கொள்கிறது, பார்க்கவே அவ்வளவு அழகு. கடைசிக் கால்களுக்கு நடுவே, இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்ட ஈயப் பாலத்தைச் செம்புப் பின்னல் உறிஞ்சிவிட்டது.

சிப்புக்கு வரும் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரை மட்டும் சிப்பிலிருந்து தூரத்தில் வைக்காதீர்கள். அடாப்டரிலேயே, பவர் காலை ஒட்டி வையுங்கள். வெளியே நீளும் கால்கள் இல்லாமல், அடியில் பேட் (பற்றவைக்க வேண்டிய உலோகப் பரப்பு) உள்ள கியூஎஃப்என் வகைச் சிப்புக்கு இந்த முறை போதாது, ஹாட் ஏர் (ஈயத்தை உருக்கும் சூடான காற்றை வீசும் கருவி) வேண்டும்.