அம்மாவுக்குக் கல்லீரல் பயாப்ஸி: முன்னும் பின்னும் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

திண்டுக்கல் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், இதய மருத்துவர் முன்னெச்சரிக்கையாக எழுதிக் கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் சாப்பிட்டு வருகிறார். ஸ்டென்ட் எதுவும் வைக்கவில்லை. சில மாதங்களாகவே அசதி, பசியின்மை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் 300-ஐத் தாண்டியிருந்தன. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் கட்டியோ வயிற்றில் நீரோ தென்படவில்லை. சொந்த உடலையே குறிவைக்கும் எதிர்ப்பொருளான ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றும், இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி கூடுதல் என்றும் வந்திருப்பதால், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸாக, அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்றும், ஊசியால் கல்லீரல் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைச் செய்துவிட்டே மருந்து தொடங்க வேண்டும் என்றும் மதுரையில் நாங்கள் பார்க்கும் கல்லீரல் மருத்துவர் கூறுகிறார்.

பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டில் எல்லாரும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்கிறார் பெரியம்மா. ஃபைப்ரோஸ்கேன் இருக்கும்போது எதற்காகக் குத்த வேண்டும் என்று கேட்கிறார் சித்தப்பா. அம்மா எதையும் கேட்பதில்லை. இரவில் சரியாகத் தூங்குவதும் இல்லை. இந்தப் பரிசோதனை உண்மையிலேயே தேவைதானா, வலி எவ்வளவு இருக்கும், அன்று நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

வணக்கம் அம்மா. இரைப்பை, குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதியானது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

முதலில் உங்கள் சித்தப்பாவின் கேள்வி. ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பை அளக்கிறதே தவிர, அந்த விறைப்புக்குக் காரணம் என்னவென்று சொல்வதில்லை. அழற்சி மிகுந்திருக்கும் சமயத்தில், தழும்பு அதிகம் இல்லாவிட்டாலும் அந்த அளவு கூடுதலாகவே காட்டும். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸை உறுதி செய்ய 2008 முதல் பயன்பாட்டில் உள்ள எளிய மதிப்பெண் முறையில், எதிர்ப்பொருள்கள், ஐஜிஜி, வைரஸ் தொற்று இல்லாமை, திசுவின் தோற்றம் ஆகிய நான்கிற்கும் தலா அதிகபட்சம் 2 மதிப்பெண். 7 வந்தால்தான் உறுதி என்பார்கள். திசுவைப் பார்க்காமல் எவ்வளவு கூட்டினாலும் 6-ஐத் தாண்ட முடியாது. 6 என்பது ‘இருக்கலாம்’ என்ற அளவில் நின்றுவிடும். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு உங்கள் அம்மாவின் சர்க்கரையை உயர்த்தக்கூடியது. பெரும்பாலானவர்கள் மருந்தைப் பல ஆண்டுகள் தொடர வேண்டியும் இருக்கும். அப்படிப்பட்ட சிகிச்சையை ‘இருக்கலாம்’ என்பதை மட்டும் வைத்துத் தொடங்க மருத்துவர் தயங்குவது நியாயம்தான். யாருக்குப் பயாப்ஸி சொன்னாலும், “இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று குடும்பத்தினர் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் மட்டுமே பயாப்ஸி தேவைதானா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். இரத்தம் உறைவதைப் பாதிக்கும் எந்த மருந்தையும் மறைக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. ஆஸ்பிரினைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு, தொடரச் சொல்பவர்களும் உண்டு. கல்லீரல் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுக்கட்டும். வெறும் வயிற்றுடன் வரச் சொன்னால், சர்க்கரை மாத்திரையை அன்று காலை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எத்தனை, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எவ்வளவு என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பொதுவாகத் தட்டணுக்கள் 50,000-க்குக் குறைந்தாலோ ஐஎன்ஆர் 1.5-க்கு மேல் போனாலோ, விலா வழியாகக் குத்துவதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

பரிசோதனை அறையில் அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் மடக்கி வைக்கச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியால் வலது விலா எலும்புகளுக்கு இடையே இடம் பார்த்துப் பேனாவால் குறித்து, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி சில நொடிகள் சுரீரென்று எரியும். பலருக்கு நினைவில் நிற்கும் வலி அதுதான். பிறகு தோலில் ஒரு சிறு கீறல். திசு எடுக்கும் ஊசி கல்லீரலுக்குள் இருப்பது ஓரிரு விநாடி மட்டுமே. கருவியை இயக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அனுபவமுள்ள மருத்துவர்கள் நோயாளி திடுக்கிடாமல் இருக்க அந்தச் சத்தத்தை முன்பே ஒருமுறை காற்றில் இயக்கிக் காட்டிவிடுவார்கள். அவர் செய்யாவிட்டால் நீங்களே கேட்கலாம்.

மிக முக்கியமானது மூச்சு. ஊசி உள்ளே போகும்போது கல்லீரல் அசையக் கூடாது. ஆகவே மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தும்படி பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். சிலர் வேறு மாதிரியும் சொல்வார்கள். எதுவானாலும் அதைத் தமிழில், அம்மாவுக்குப் புரியும் சொற்களில், ஊசிக்கு முன்பே இரண்டு மூன்று முறை பழக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் இருப்பவர்கள் ‘பிடியுங்கள்’ என்றதும் ஆழமாக இழுத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிந்த பிறகு வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள்; குத்திய இடம் அழுத்தத்தில் இருப்பதற்காக அது. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பது வழக்கம். இரத்தக் கசிவு போன்ற பெரிய சிக்கல்கள் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அரிதாக அதற்குப் பிறகும் வரலாம். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கசிவது அரிது. உயிருக்கே ஆபத்தாவது ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே சொல்லப்படுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம்.

வலது தோளில் வலி:

எனக்கும் இதே நோய்தான். பயாப்ஸி செய்து மருந்து எடுத்து வருகிறேன். சிஸ்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குத்தியது விலாவில் என்றாலும் எனக்கு வலித்தது வலது தோள்பட்டையில். ஊசி தவறிப்போய் வேறு எங்கோ பட்டுவிட்டது என்று நானும் என் கணவரும் பயந்தே போனோம். கல்லீரலுக்கு மேல் இருக்கும் உதரவிதானம் உறுத்தப்படும்போது அதன் நரம்பு வழியாகத் தோளில் வலி உணரப்படும் என்றும், இது பலருக்கும் வருவதுதான் என்றும் பணி மருத்துவர் விளக்கிய பிறகுதான் மனம் அடங்கியது. பாராசிட்டமால் கொடுத்தார்கள், மறுநாளே குறைந்துவிட்டது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த மாலைப் பொழுது நிம்மதியாகப் போயிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அதே சமயம், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, வியர்த்துத் தலை சுற்றினாலோ அதைத் தோள்வலி என்று விட்டுவிடாமல் உடனே சிஸ்டரை அழைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எதையும் ஒரு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்றார்கள். நம் அம்மாமார்களிடம் இதைச் சொல்வதைவிட, குடத்தை நிரப்பி எட்டாத இடத்தில் வைத்துவிடுவதே மேல். என் மாமியார் அதைத்தான் செய்தார்.

திண்டுக்கல் மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. சிஸ்டர் சொன்ன கேள்வியை மருத்துவரிடம் கேட்கக் குறித்துக்கொண்டேன். மேலும் இரண்டு ஐயங்கள். மஞ்சள் காமாலையாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு அம்மா கீழாநெல்லியும் இன்னொரு நாட்டு மருந்துப் பொடியும் சாப்பிட்டு வந்திருக்கிறார். மருத்துவர் திட்டுவார் என்று இதுவரை சொல்லவில்லை. இதைச் சொல்வது அவசியமா? இரண்டாவது, அறிக்கை கையில் கிடைத்ததும் அதை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

நுண்ணோக்கி மேசை:

நான் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. அவருடைய நூலிழை போன்ற திசுத் துண்டு மட்டுமே என்னிடம் வருகிறது. அதனால்தான் உங்கள் முதல் ஐயத்துக்கு அழுத்தமாகவே பதில் சொல்கிறேன்: அவசியம் சொல்ல வேண்டும், பொடியின் டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். மருந்தினாலோ மூலிகையினாலோ ஏற்படும் கல்லீரல் அழற்சியும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸும் நுண்ணோக்கியில் சில நேரங்களில் இரட்டைப் பிள்ளைகள் போலவே தோன்றும். சீந்தில் கொடி கஷாயம் அருந்தியவர்களிடம் இவ்வகைப் பாதிப்பு காணப்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படியிருந்தாலும், என்ன சாப்பிட்டார், எப்போது தொடங்கினார் என்ற குறிப்பு திசுவோடு வரும் கோரிக்கைத் தாளில் இருந்தால் நான் எழுதும் முடிவின் தரமே வேறு. பெரும்பாலான தாள்களில் ‘எல்எஃப்டி கூடுதல்’ (கல்லீரல் இரத்தப் பரிசோதனை அளவுகள் கூடுதல்) என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது என்பது எங்கள் துறையின் நெடுநாள் மனக்குறை.

எடுக்கப்படும் துண்டு முழுக் கல்லீரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்கு. அவ்வளவு சிறியதை வைத்து முழு உறுப்பைப் பற்றிப் பேசுவதால் துண்டின் நீளம் முக்கியமாகிறது. 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், போர்ட்டல் பகுதிகள் (இரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேர்ந்து செல்லும் இடங்கள்) 11-க்குக் குறையாமல் இருந்தால் நம்பிக்கையோடு எழுதலாம். எனவே மருத்துவர் ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு எடுத்தார் என்றால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மெல்லிய சீவல்களாகி, தழும்பைக் காட்டும் சாயம், இரும்பைக் காட்டும் சாயம் என்று பலவற்றில் தோய்ந்து வரச் சில நாள்கள் ஆகும். தாமதம் கெட்ட செய்தியின் அறிகுறி அல்ல.

அறிக்கையில் ‘இன்டர்ஃபேஸ் ஹெபடைடிஸ்’ (போர்ட்டல் பகுதியின் விளிம்பில் அழற்சி), ‘பிளாஸ்மா செல்கள்’ (எதிர்ப்பொருளை உண்டாக்கும் செல்கள்) என்ற சொற்கள் இருந்தால் அவை ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸை ஆதரிப்பவை. ஆனால் அதற்கு மட்டுமே உரியவை அல்ல. அடுத்து ‘கிரேடு’, ‘ஸ்டேஜ்’ என்று எண்கள் வரும். குடும்பத்தினர் கதி கலங்குவது இங்கேதான். இந்தக் கிரேடு அழற்சி எவ்வளவு என்பதையும், ஸ்டேஜ் தழும்பு எவ்வளவு என்பதையும் குறிக்கின்றன. ‘ஸ்டேஜ் 3’ என்பது மூன்றாம் நிலைப் புற்றுநோய் அன்று. மெட்டாவிர் என்ற முறையில் தழும்பு எஃப்0 முதல் எஃப்4 வரை. இஷாக் முறையில் 0 முதல் 6 வரை. ஆகவே ஒருவரின் 4-ஐ இன்னொருவரின் 4-உடன் ஒப்பிடும் முன் எந்த முறை என்று பார்க்க வேண்டும். மெட்டாவிர் 4 சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறிய நிலை. இஷாக் 4 அந்த அளவுக்குப் போகவில்லை.

பெரியம்மாவின் அச்சத்துக்கு ஒரு வார்த்தை. கல்லீரல் புற்றுநோய்க் கட்டியில் குத்தும்போது, ஊசி சென்ற தடத்தில் செல்கள் பதியும் வாய்ப்பு சிறிய அளவில் உண்மையிலேயே உண்டு. அதனாலேயே சிரோசிஸ் உள்ளவர்களின் கட்டிகளை முடிந்தவரை சிடி, எம்ஆர்ஐ கொண்டே முடிவு செய்கிறார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்குக் கட்டியே இல்லை. அழற்சி ஊசியால் பரவுவதில்லை.

கொள்ளிடக்கரை:

என் அப்பாவுக்குச் செய்தது வேறு வழி. வாசிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதற்காக எழுதுகிறேன். அவருக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது, தட்டணுக்களும் மிகக் குறைவு. அதனால் விலாவைத் தொடாமல், கழுத்து இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கல்லீரல் சிரைக்குள் இருந்தபடியே திசு எடுத்தார்கள். கசிந்தாலும் பெரும்பாலும் இரத்தக் குழாய்க்குள்ளேயே கசியும் என்பதுதான் இதன் பாதுகாப்பு. அதே நேரத்தில் கல்லீரல் சிரையின் அழுத்தத்தையும் அளந்துகொண்டார்கள். நேரமும் செலவும் கூடுதல், துண்டும் சற்றுச் சிறியது. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்த வழியில் செய்யப் போகிறார்கள் என்பதைக் கேட்டு அந்தப் பெயரிலேயே முன் அனுமதி வாங்க வேண்டும். பெயர் மாறியதால் கட்டணப் பிரிவுக்கும் வார்டுக்கும் நடையாய் நடந்தோம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

நாட்டு மருந்து விஷயத்தில் டாக்டரை வழிமொழிகிறேன். திட்டினால் திட்டட்டும் அம்மா, சொல்லிவிடுங்கள்.

நீங்கள் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வருவதாகத் தெரிகிறது. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், முதல் இரவு மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் தங்குவது நல்லது. மதுரையில் உறவினர் வீடு இருந்தால் அங்கே இருங்கள். வயது வந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் வாங்கித் தர வேண்டாம். ஒரு வாரம் கழித்துக்கூட அரிதாகப் பித்தக் குழாய்க்குள் இரத்தம் கசியலாம்; காய்ச்சல், மஞ்சள் காமாலை, கறுத்த மலம், இரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரினை நிறுத்தியிருந்தால் எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னது நினைவில் இருக்கும், தொடங்கச் சொல்ல யாரும் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டுப்போனவர்கள் உண்டு.