சத்தமில்லாத கேம் கியரும் வேறு சில பழைய கன்சோல்களும்

பழைய வீடியோ கேம் கன்சோலை விற்பவர் "ஆன் ஆகுது, ஆனா சத்தம் இல்லை, படமும் மங்கல்" என்று சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆன் ஆகி விளையாட்டு ஓடுகிறது என்றால் முக்கியமான சிப்கள் உயிரோடு இருக்கின்றன. மிச்சக் கோளாறு பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் குட்டி உறுப்பு), கனெக்டர், பவர் என்று இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

என்னிடம் வந்த கேம் கியரும் அப்படித்தான். சேகா நிறுவனம் 1990-ல் ஜப்பானில் வெளியிட்ட கையடக்கக் கன்சோல். வண்ணத் திரை, அதற்கு ஆறு ஏஏ பேட்டரி. ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. ஹெட்போனைச் செருகினால் ஏதோ முனகல். கன்சோலைச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரிந்தது. "எல்சிடி போச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார். எல்சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

திறந்தால் மூன்று போர்டுகள்: மெயின், ஒலி, பவர். மூன்றிலும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு. வயதாக ஆக அடியிலுள்ள அடைப்பு தளர்ந்து உள்ளே இருக்கும் திரவம் கசியத் தொடங்குகிறது. கெப்பாசிட்டர் வற்றுவதால் சத்தமும் பிரகாசமும் போகின்றன. அதற்குப் புதுசு போட்டால் சரி. ஆனால் வெளியே வந்த திரவம் சும்மா இருக்காது, செப்புத் தடத்தை அரித்துக்கொண்டே போகும். நேரத்தைத் தின்பது அதுதான். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் வாடை கிளம்பினால் கசிவு உறுதி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டரை இடுக்கியால் முறுக்கிப் பிடுங்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரித்துப்போன பேட் (கால் பற்றவைக்கப்படும் செப்புத் திட்டு) ஏற்கெனவே போர்டிலிருந்து பாதி விட்டிருக்கும், முறுக்கினால் கையோடு வந்துவிடும். நான் இரண்டு அயர்ன் வைத்து இரு கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கி எடுத்தேன். பிறகு பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்தேன். இந்தக் கழுவலைத் தவிர்த்தால் புது கெப்பாசிட்டருக்கு அடியிலும் அரிப்பு தொடரும்.

புதுசு போடும்போது ஒரு விஷயம். அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கில் கறுப்புப் பட்டை இருப்பது மைனஸ் பக்கம். டான்டலம் வகைக் கெப்பாசிட்டரில் கோடு இருப்பது பிளஸ் பக்கம்! பழக்க தோஷத்தில் மாற்றிப் போட்டால் டான்டலம் தீப்பிடிக்கவும் செய்யும். செராமிக் வகைக்குத் திசையே கிடையாது.

பவர் போர்டைத் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் மெயினோடு இணைத்தேன். சிப்களுக்கு 5 வோல்ட், திரைக்கு 30 வோல்ட்டுக்கு மேல். பின்விளக்குக் குழாய்க்குப் போவது அதையும் தாண்டியது. பேட்டரியில் ஓடுவதுதானே என்று ஓடும்போது விரலை வைக்காதீர்கள். எல்லாம் இணைத்து ஸ்விட்ச் போட்டதும் தொடக்க இசை காதைப் பிளந்தது. ஒலிச் சக்கரத்தை முழுசாகத் திருப்பி வைத்திருந்திருக்கிறேன். உங்கள் கைக்கு வந்தவற்றையும் சொல்லுங்கள்.

*

நல்ல பதிவு. எனக்கு வந்தது நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல், 1989-ஆம் ஆண்டு கேம் பாய். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள், அந்தப் பத்திகளில் படமே இல்லை. இதுவும் "திரை போச்சு" கேஸ்தான். கண்ணாடிக்குக் கீழே ஒரு பட்டை கேபிள் ஒட்டியிருக்கும், அந்த ஒட்டு விட்டுப்போவதுதான் காரணம். வெப்பத்தைக் குறைத்து வைத்த அயர்னால் அந்த விளிம்பை மெதுவாக இழுத்துக்கொண்டே போனேன். கன்சோலை ஆன் செய்தே செய்தேன், கோடுகள் ஒவ்வொன்றாக மறைவது கண்ணெதிரே தெரியும். குத்துக்கோடுகளுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். இடமிருந்து வலமாக ஓடும் கோடு என்றால் பக்கவாட்டு இணைப்பு. அதில் அயர்னை வைக்க வேண்டாம்.

அப்புறம், திறக்க மூன்று சிறகு கொண்ட ட்ரை-விங் பிட் வேண்டும். சாதா ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும்.

*

என்னுடையது நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல். பவர் விளக்கு விநாடிக்கு ஒருமுறை மின்னி மின்னி அணையும், திரை மட்டும் வந்து வந்து போகும். கன்சோலில் ஒரு லாக்அவுட் சிப் (அசல் கார்ட்ரிட்ஜ்தானா என்று பார்ப்பது), விளையாட்டு இருக்கும் கார்ட்ரிட்ஜில் அதன் ஜோடி. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் கன்சோல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். மெயின் போர்டு கெட்டதாகத் தோன்றும், ஆனால் அழுக்கேறியது 72 பின் கனெக்டர். அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்து முழுக்கக் காயவைத்ததில் எனக்குச் சரியாகிவிட்டது. கார்ட்ரிட்ஜ் பின்களை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். தயவுசெய்து ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். "அந்தக் காலத்துல ஊதினா ஓடுச்சே" என்பார்கள். எடுத்து மறுபடி செருகியதால் ஓடியது.

*

எஸ்என்இஎஸ் (என்இஎஸ்-க்கு அடுத்து வந்த கன்சோல்) கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே சேமிப்பைக் காப்பது சிஆர்2032 பேட்டரி. நான் வாங்கிய ஒன்றில் மூன்று சேமிப்பு இடங்களும் யாரோ விளையாடியவை, ஒன்று கடைசி எதிரி வரைக்கும் போயிருந்தது. பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் அழிந்துவிடும். யாரென்றே தெரியாதவருடைய உழைப்பை அழிக்க மனசு வரவில்லை. கார்ட்ரிட்ஜ் ரீடர் கொண்டு கணினியில் நகல் எடுத்துவிட்டுப் பிறகே மாற்றி, திரும்ப ஏற்றினேன். பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். தகட்டுக் கால் பற்றவைத்தே விற்கும் பேட்டரியை வாங்குங்கள்.

*

எல்லாரும் உள்ளே போய்விட்டீர்கள். நான் பழுது பார்க்க வாங்கிய ஃபேமிகாம் (என்இஎஸ்-இன் ஜப்பானிய வடிவம்) கெட்டதே அடாப்டரால்தான். அமெரிக்க என்இஎஸ்-க்கு வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை மைனஸ். முந்தைய உரிமையாளர் இரண்டும் ஒன்றுதான் என்று செருகியிருக்கிறார். சேகாவின் முதல் மெகா டிரைவ் கன்சோலுக்கும் நடுமுனை மைனஸ், இரண்டாவதற்குப் பிளஸ்.

*

கேம் கியருக்கு எது?

*

பிளஸ். இரண்டாவது மெகா டிரைவின் அடாப்டரே அதற்கும் சரி. ஆனாலும் செருகுமுன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய அடாப்டரின் ஒயரை யாராவது வெட்டி ஒட்டியிருந்தால் மேலே அச்சடித்திருப்பதை நம்ப முடியாது.