நானோஷீட்டுக்கு ‘ஏடு’: கரிம–களிமண் படலங்களின் கலைச்சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

களிமண் நானோஷீட்டுகளையும் (களிமண்ணிலிருந்து பிரித்தெடுத்த மிக மெல்லிய துண்டுகள்) கரிம மூலக்கூறுகளையும் மாறி மாறிப் படியவைத்து உருவாக்கும் படலங்களுக்குக் ‘கலப்பின நுண்தாள் மென்படலம்’ என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. அதிலுள்ள ‘தாள்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமத்தை எடுத்துக்கொள்வோம். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த நான்முகித் தகடுகள் இரண்டு, தமக்கு நடுவே அலுமினியத்தின் எண்முகித் தகடு ஒன்றைப் பற்றிக்கொண்டு, மூன்றுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரே உடலாக நிற்கின்றன. கனிமவியலார் இம்மூன்றில் ஒவ்வொன்றையும் ‘ஷீட்’ என்றும், மூன்றும் சேர்ந்ததை ‘லேயர்’ என்றும் அழைக்கிறார்கள். படலம் செய்யும் வேதியியலார் ‘நானோஷீட்’ என்று சொல்வதோ அந்த மூன்றும் சேர்ந்த முழுமையை. ஷீட் வரும் இடமெல்லாம் தாள் என்று எழுதினால், மூன்று தாள்கள் சேர்ந்து ஒரு தாள் ஆகிறது என்று மாணவர் படிக்க நேரும். ‘அடுக்கு’ என்பதும் இங்கே உதவாது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தொகுதியையே நாம் அடுக்கு என்கிறோம், அச்சொல் தொகுதிக்கே இருக்கட்டும்.

எனவே உள்ளிருக்கும் மூன்றையும் ‘தகடு’ என்றும், முழுமையை ‘ஏடு’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. ஓலைச்சுவடியில் தனித்தனியாகப் பிரித்தெடுக்கவும் மீண்டும் அடுக்கிக் கட்டவும் கூடிய ஒற்றை ஓலை ஏடு. பாலின் மேலும் தயிரின் மேலும் படியும் ஆடையும் ஏடுதான். இந்த இரண்டாம் பொருள் என்னை மிகவும் கவர்கிறது. நீர்ப்பரப்பில் மென்படலம் உருவாக்கும் லாங்மியூர்–பிளாட்ஜெட் முறையில், ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே களிமண் கலந்த நீரின் பரப்பில் நீண்ட வாலுடைய கரிம நேரயனிகளை (நேர்மின் சுமையுள்ள அயனிகளை) பரப்புகிறார்கள். எண்முகித் தகட்டில் அலுமினியத்துக்குப் பதிலாக ஆங்காங்கே மக்னீசியம் அமர்ந்திருப்பதால் எதிர்மின் சுமை பெற்ற களிமண் துகள்கள் கீழிருந்து வந்து அவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. நீரின் மேல் அப்போது படிவதை ஏடு என்று சொல்வதில் வலிந்து பொருத்தியது எதுவும் இல்லை.

களிமண்ணைத் தனித்தனி ஏடுகளாகப் பிரிக்கும் எக்ஸ்ஃபோலியேஷனுக்கு ‘ஏடு பிரித்தல்’ என்ற தொடரும் இதனால் தானாகவே கிடைக்கிறது. ‘உரித்தல்’ என்றால் மேல்தோலை நீக்கி உள்ளிருப்பதை எடுப்பது போல் ஆகிவிடும். இங்கே நீக்கப்படும் தோலும் இல்லை, எஞ்சும் உள்ளீடும் இல்லை.

‘கலப்பின’ என்பதையும் விட்டுவிடலாம். அது பயிருக்கும் கால்நடைக்கும் உரியது. ‘கலவை’ என்பது அதைவிடத் தவறானது, ஏனெனில் இப்படலங்களின் சிறப்பே வரிசைதான். 1994இல் கிளைன்ஃபெல்ட், ஃபெர்குசன் என்ற ஆய்வாளர்கள் ஹெக்டோரைட் என்ற களிமண் கனிமத்தையும் நேர்மின் சுமையுள்ள பாலிமரையும் மாற்றி மாற்றிப் படியவைத்தபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் படலம் சீராகத் தடித்தது. கலவை என்ற பெயர் அந்த ஒழுங்கை மறைத்துவிடும். இரண்டு பொருள்களையும் பெயரிலேயே சொல்லி, ‘கரிம–களிமண் ஏட்டடுக்குப் படலம்’ எனலாம். ‘களியேடு’ என்று சுருக்கினால் உண்ணும் களி நினைவுக்கு வரும் என்பதால் களிமண் முழுமையாகவே நிற்கட்டும்.

எனக்கு நிறைவு தராதது, ஏடுகளுக்கு இடையே வேறு அயனிகளோ மூலக்கூறுகளோ புகுவதைக் குறிக்கும் இன்டர்கலேஷன் ஒன்றுதான். ‘இடைச்செருகல்’ ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் சுவடிப் பதிப்பில் அது பிறர் எழுதிச் சேர்த்த பாடலைக் குறிக்கும் குற்றச்சாட்டு. ஏடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தப் பழைய பொருளே முந்திக்கொள்ளும். மேலும், கரிம அயனிகளை யாரும் செருகுவதில்லை. சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தில் இவை தாமாகவே புகுகின்றன. ‘ஏட்டிடைப் புகல்’ என்று எழுதிப் பார்த்தேன். “ஏட்டிடைப் புகலால் ஏடுகளுக்கிடையே உள்ள தொலைவு கூடியது” என்ற வாக்கியம் தெளிவாகவே இருக்கிறது, ஆயினும் ‘புகல்’ என்பதை அடைக்கலம் என்று படிப்பவர்களும் இருக்கக்கூடும். ‘ஏட்டிடை நுழைவு’ இதைவிடப் பொருந்துமா என்று உறுப்பினர்கள் தங்கள் சொந்த வாக்கியங்களில் இட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.