நெகடிவை கேமராவில் ஸ்கேன் செய்தால் ஓரம் மங்குகிறது, கலர் நீலமாக வருகிறது

பழைய_ரோல்:
35 மி.மீ. நெகடிவ் 40 ரோல் இருக்கிறது. பாதி கலர், மீதி ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்ட் கறுப்பு வெள்ளை. கையில் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா (சென்சார் 35 மி.மீ. ஃபிரேமைவிடச் சின்னது), பழைய 50 மி.மீ. மேனுவல் லென்ஸ், டிரைபாட். பட்ஜெட் 5,000 ரூபாய். டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, மேலே நெகடிவை வைத்து எடுத்தேன். நெகடிவ் ஃபிரேமில் சின்னதாகத்தான் விழுகிறது, படம் முழுக்கப் பொடிக் கட்டம், ஒரு ஓரம் மங்கல், கலரை நெகடிவிலிருந்து பாசிடிவாகத் திருப்பினால் ஒரே நீலம். பேசாமல் பிளாட்பெட் ஸ்கேனர் வாங்கிவிடலாமா?

இருட்டறை:
வேண்டாம் சார். சாதா ஆபீஸ் ஸ்கேனரின் மூடியில் விளக்கு கிடையாது, நெகடிவ் கறுப்பாகத்தான் விழும். உங்கள் கேமராவில் 36 மி.மீ. அகலம் 6000 பிக்சலில் அடங்கினால் அங்குலத்துக்கு நாலாயிரத்துக்கும் மேல். அது தாராளம்.

7, 14, 28 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் செட் வாங்குங்கள்; கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்கள், கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய உதவும். நெகடிவ் உங்கள் சென்சாரில் சுமார் 0.6 மடங்கு அளவில் விழ வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு அது 30 மி.மீ. நீட்சி. ஆகவே 28 டியூபை மட்டும் மாட்டி, ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஃபிரேம் முழுசும் ஓரக்கோட்டோடு அடங்கும். அபர்ச்சர் எஃப்/8. எஃப்/16 வேண்டாம், சின்னத் துளையில் ஒளி வளைந்து சிதறும் டிஃப்ராக்ஷனில் மொத்தமும் மழுங்கும்.

அந்தக் கட்டம் திரையின் பிக்சல். நெகடிவை நாலைந்து செ.மீ. உயர்த்தி, நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு வையுங்கள். அக்ரிலிக் நெகடிவைத் தொடக்கூடாது, தொட்டால் அதன் தூசியும் படத்தில் வரும். கண்ணாடி போட்டு அழுத்தவும் வேண்டாம், வானவில் வளையங்கள் விழும். பழைய என்லார்ஜரில் (பிரிண்ட் போடும் கருவி) நெகடிவைத் தட்டையாகப் பிடிக்கும் நெகடிவ் கேரியர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

மில்லிமீட்டர்:
ஓரம் மங்குவது கேமரா சாய்ந்திருப்பதால். மட்டப்பலகையை நம்பாதீர்கள், மேஜையே சாய்வாக இருக்கலாம். நெகடிவ் இருக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடியைப் படுக்க வைத்து லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் வரும்வரை டிரைபாட் தலையைத் திருத்தினால் போதும். பிறகு பெரிதாக்கி, படத்தில் அல்ல, ஃபிலிமின் பொடிப்புள்ளிகளான கிரெயினில் ஃபோகஸ் செய்யுங்கள். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் இடம் வலமாக மாறும். ஐஎஸ்ஓ 100, 2 விநாடி டைமர், அறை விளக்கு அணைப்பு.

இருட்டறை:
நீலத்துக்குக் காரணம் கலர் நெகடிவின் ஆரஞ்சு அடித்தளம். ஜேபெக்கில் அல்ல, கேமரா எதையும் மாற்றாத ரா ஃபைலில் எடுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுவே ஒளி படாத வெற்றுப் பகுதியையும் அதே எக்ஸ்போஷரில் ஒன்று எடுத்து, டார்க்டேபிள் என்ற ரா எடிட்டரில் நெகடிவைத் திருப்பும் 'நெகடாக்டர்' மாட்யூலைத் திறந்து அந்த நிறத்தை அடித்தளமாகக் கொடுங்கள். மென்பொருள் இலவசம். ஒரு ரோலுக்கு ஒரே மேனுவல் எக்ஸ்போஷர், ஒரே ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு நிறம். அப்படியும் முகங்கள் சரியாக வராவிட்டால் டேப்லெட்டை விட்டு, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல் போடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு அது தேவையில்லை.

பழைய_ரோல்:
கட்டம் போச்சு, ஓரமும் தெளிவு. இப்போது குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது. சில நெகடிவில் பூஞ்சையும் இருக்கிறது, தண்ணீரில் கழுவலாமா?

மில்லிமீட்டர்:
பட்டை, திரை மினுக்குவதால். பிரைட்னஸை முழுசாக ஏற்றி, எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, 1/15 அல்லது அதைவிட மெதுவாக எடுங்கள்.

தண்ணீர் கூடவே கூடாது! பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமே வழிந்துவிடும். முதலில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு, பளபளப்பான பக்கத்தை மட்டும் துடையுங்கள்.