ஜெர்ரி ரைஸுக்குக் கை பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா?

மணிமாறன்_டாலஸ்
அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கான திரி இது. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பவர் வைட் ரிசீவர், அவரை ஒட்டிக்கொண்டே ஓடித் தடுப்பவர் கார்னர்பேக்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ரிசீவர் என்று பெயர் வாங்கியவர்கள் எல்லாம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அந்த இடத்துக்கு வந்தவர்கள். சாட்சி ஜெர்ரி ரைஸ். 1985 டிராஃப்டில் (என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுப்பது) அல் டூன், எடி பிரவுன் என்று இரண்டு ரிசீவர்கள் போன பிறகு 16-ஆவது ஆளாகத்தான் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி அவரை எடுத்தது. படித்தது மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. வேகத்தை அளக்க வைக்கும் 40 யார்டு ஓட்டத்திலும் அவர் பெரிய வேகக்காரர் இல்லை. அந்த மனிதர் விடைபெற்றபோது கணக்கில் 1,549 கேட்ச், அவற்றால் முன்னேறிய தூரம் 22,895 யார்டு. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டிடம் 17,492 யார்டுதான் இருக்கிறது. நடுவில் உள்ள ஐயாயிரத்துச் சொச்சம் யார்டு, பல ரிசீவர்களின் மொத்த வாழ்க்கைக் கணக்கு.

ரைஸின் அப்பா கொத்தனார். வெயிலில் சாரத்தின் மேல் நின்று, சகோதரர்கள் கீழிருந்து வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்து வளர்ந்தவர். செங்கல் பிடித்த கைக்குத் தோல் பந்து எம்மாத்திரம்?

சித்ரா_வி
செங்கல் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்கல்லை வீசியவர்களும் அதே வீட்டுப் பிள்ளைகள்தானே மணிமாறன்? அதே அப்பா, அதே சாரம், அதே வெயில். ஏன் ஒரே ஒரு ரைஸ்?

ஜெயித்தவரிடம் போய் எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டால் உழைத்தேன் என்றுதான் சொல்வார். பொய்யும் இல்லை. ஆனால் கூடவே உழைத்துத் தோற்றவர்களிடம் மைக்கை நீட்ட யாரும் போவதில்லை.

ராண்டி மாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 6 அடி 4 அங்குலம். 1998-இல் மினசோட்டாவுக்கு வந்த முதல் சீசனிலேயே 17 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). டாலஸ்காரரான உங்களுக்கு அந்த வருட தேங்க்ஸ்கிவிங் ஆட்டம் மறந்திருக்காது: மூன்றே கேட்ச், மூன்றும் டச் டவுன், 163 யார்டு. பிறகு 2007-இல் நியூ இங்கிலாந்துக்காக 23. ஒரே சீசனில் அதற்கு மேல் யாரும் பிடித்ததில்லை. இதை எந்த மைதானத்தில், எத்தனை மணி நேரம் நின்று கற்றுக்கொள்வது?

பழைய49
சித்ரா மேடம், ரைஸின் முதல் சீசனை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டார். ஒன்றிரண்டு அல்ல, பலமுறை. சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே கூச்சல் போட்டார்கள். டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக 241 யார்டு எடுத்த பிறகுதான் வாய் அடங்கியது. அடுத்த சீசன் 1,570 யார்டு, 15 டச் டவுன்.

நடுவில் நடந்தது என்ன? உழைப்பு. சான் கார்லோஸ் பக்கம் எட்ஜ்வுட் பார்க்கில் இரண்டரை மைல் மலைப்பாதை ஒன்று உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் அதில் ஓடுவார். கூட ஓடிப் பார்க்கலாம் என்று வந்த இளம் வீரர்கள் பாதி வழியில் வாந்தி எடுத்த கதைகள் ஏராளம். ஆனால் எனக்கு மலையைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பயிற்சியில் ஐந்து யார்டு பாஸைப் பிடித்தாலும் அங்கேயே நிற்க மாட்டார். மைதானத்தின் கடைக்கோடியில் உள்ள எண்ட் ஸோன் வரை முழு வேகத்தில் ஓடி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஒவ்வொரு முறையும். மற்றவர்கள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிசைக்கு நடந்துகொண்டிருப்பார்கள்.

சித்ரா_வி
பழைய49 சார், ஒரே வருடத்தில் கை முளைத்துவிட்டதா? 1983-இலேயே கல்லூரியில் நூறு கேட்சுக்கு மேல் பிடித்தவர் அவர். கை அப்போதே இருந்தது. 49அர்ஸ் அணியின் கோச் பில் வால்ஷ், ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையில் டிவியில் ரைஸின் கல்லூரி ஆட்டக் காட்சிகளைப் பார்த்துத்தான் மயங்கினார். டிராஃப்டில் முன்னால் போய் அவரை எடுக்க நியூ இங்கிலாந்துடன் பேரமும் பேசினார். அந்த மலைப்பாதையில் ரைஸ் கால் வைப்பதற்கு முன்பே வால்ஷ் கண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதற்கு என்ன பெயர்? முதல் சீசனில் பந்து விழுந்தது கையால் இல்லை. ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பெரிய பிளேபுக்கைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினால் யாருக்கும் பந்து விழும்.

ரூட்ரன்னர்_11
இரண்டு தரப்புமே கேட்சைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இங்கே வார இறுதிகளில் பசங்களுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காமல் இடுப்பில் தொங்கும் நாடாவை உருவும் ஆட்டம்) சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை.

கேட்ச் என்பது கடைசி அரை நொடி. அதற்கு முன்னால் ரூட், அதாவது ரிசீவர் ஓட வேண்டிய பாதை, இருக்கிறது. 12 யார்டு நேராக ஓடிச் சட்டென்று திரும்பிவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவார். நீங்கள் 11 யார்டிலோ 13 யார்டிலோ திரும்பினால் அந்தப் பந்து எதிரணிக்கு. இன்னொரு பக்கம் கார்னர்பேக் உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடுகிறார். வேகத்தைக் குறைக்க இடுப்பைத் தாழ்த்தினாலோ, காலடிகளைக் குட்டையாக வைத்தாலோ, திரும்பப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே முழு ஓட்டம் ஓடுகிற அதே உடம்போடு வந்து, இரண்டு மூன்று அடிகளுக்குள் நின்று திரும்ப வேண்டும். இதை யாரும் வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை.

மாஸ் விஷயத்துக்கும் வருகிறேன். அவர் ஆழமான பந்துக்கு ஓடும்போது கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்து தலைக்கு மேல் வரும்வரை கை கீழேயே இருக்கும். கார்னர்பேக்குக்குப் பந்து தெரியாது, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார். ரிசீவரின் கையும் கண்ணும்தான் அவருக்கு அடையாளம். மாஸ் கடைசிக் கணம்வரை அந்த அடையாளத்தைத் தரமாட்டார். பார்க்கிறவர்கள் உயரம், குதிப்பு என்கிறார்கள். பாதிக்கு மேல் அது பழகிய தந்திரம்.

மணிமாறன்_டாலஸ்
ரூட்ரன்னர் வாயில் சர்க்கரை போட வேண்டும். இதே வழியில் பழைய ஆள் ஒருவரைச் சொல்கிறேன்: ரேமண்ட் பெர்ரி. பால்டிமோர் கோல்ட்ஸ் 1954-இல் அவரை எடுத்தது 20-ஆவது சுற்றில். பார்வை மோசம். முதுகுக் கோளாறு, ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. வேகமும் கிடையாது. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு குவார்ட்டர்பேக் ஜானி யூனிட்டாஸை நிறுத்திவைத்துக்கொண்டு ஒவ்வொரு ரூட்டாக ஓடுவார். சீசன் இல்லாத நாட்களில் எறிய ஆள் இல்லையா? மனைவியை எறியச் சொல்லிப் பிடிப்பார். விரல் பலத்துக்கு ரப்பர் மாதிரிக் களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருப்பார். 1958 இறுதிப் போட்டியில் 12 கேட்ச், 178 யார்டு. 1967-இல் ஓய்வு பெறும்போது 631 கேட்ச், அன்றைய சாதனை. இவரிடம் எந்தத் திறமை பிறவியில் இருந்தது என்று சித்ரா காட்டட்டும்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் வேண்டுமா? 2017 டிராஃப்ட். ஜான் ராஸ் 40 யார்டை 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனை படைத்தார், சின்சினாட்டி 9-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே டிராஃப்டில் 69-ஆவதாகப் போன கூப்பர் கப் ஓடியது 4.62. 2021-இல் அவர் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன் என்று மூன்று பட்டியலிலும் முதலிடம். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆட்டநாயகன்.

சித்ரா_வி
ராஸுக்கு அந்த வருடம் காயம், ஆடியதே மூன்று ஆட்டம். அதை விட்டுவிட்டீர்கள். சரி போகட்டும்.

கூப்பர் கப்பா? அவர் தாத்தா ஜேக் கப் நியூ ஆர்லியன்ஸ் அணியின் தூண். அப்பா கிரெய்க் கப் என்எஃப்எல் டிராஃப்டில் போன குவார்ட்டர்பேக். மூன்று தலைமுறை! இதைவிட நல்ல உதாரணத்தை நானே தேடியிருக்க முடியாது, நன்றி.

பாப் ஹேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம், அடுத்த வருடமே உங்கள் டாலஸ் கவ்பாய்ஸுக்கு ரிசீவர். அவரை ஒருவருக்கு ஒருவர் என்று பிடிக்க முடியாமல் எதிரணிகள் ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கு மாறின. ஆட்டத்தையே ஒரு காலின் வேகம் மாற்றியிருக்கிறது.

பழைய49
ஹேஸ் கல்லூரியிலும் ஃபுட்பால் ஆடியவர், மேடம். கல்லூரியில் ஃபுட்பால் ஆடாத வேகக்காரர் எங்களிடமும் ஒருவர் இருந்தார்: ரெனால்டோ நெஹெமையா. 110 மீட்டர் தடை ஓட்டத்தை 13 நொடிக்குள் ஓடிய முதல் மனிதர். வால்ஷ் ஆசையாகக் கூட்டிவந்தார். மூன்று சீசனில் மொத்தமே 43 கேட்ச். அவர் போன அடுத்த வருடம் வந்தவர்தான் ரைஸ்.

சித்ரா_வி
நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆராய்ச்சியும் கொஞ்சம் பேசட்டும். பயிற்சி நேரம்தான் எல்லாம் என்ற பேச்சுக்கு வேர், 1993-இல் எரிக்சன் குழு பெர்லின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. 2016-இல் மக்னமாரா குழு விளையாட்டு ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தது. வீரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது 18 சதவீதம். உச்ச நிலை வீரர்களுக்குள் மட்டும் பார்த்தால் 1 சதவீதம். ஒன்று!

ரூட்ரன்னர்_11
அந்த 1 சதவீதத்தை அப்படிப் படிக்கக் கூடாது. உச்சத்தில் இருப்பவர்கள் எல்லோருமே பல ஆயிரம் மணி நேரம் பயிற்சி எடுத்தவர்கள். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கிற ஒன்று, அவர்களுக்குள் வித்தியாசத்தை எப்படி விளக்கும்? என்எஃப்எல் ரிசீவர்களுக்குள் மட்டும் பார்த்தால் 40 யார்டு வேகமும் பெரிதாக எதையும் விளக்காது, ராஸும் கப்பும் அதற்குத்தான் உதாரணம். உடனே வேகம் தேவையில்லை என்று சொல்லிவிடுவீர்களா? உள்ளே நுழைய இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, இந்த ஆய்வுகள் எண்ணுவது மணி நேரத்தை. பந்து எறியும் ஜக்ஸ் மெஷின் முன் அசையாமல் நின்று 200 பந்து பிடிப்பதும், பெர்ரி களைத்த காலோடு யூனிட்டாஸிடம் ஒரே ரூட்டைப் பத்து விதமாக ஓடிப் பார்ப்பதும் கணக்கில் ஒன்றுதான். மைதானத்தில் ஒன்றல்ல.

கப் குடும்பக் கதை இரண்டு பக்கமும் வெட்டும் சித்ரா. தாத்தா ரத்தத்தை மட்டுமா கொடுத்தார்? ஃபிட்ஸ்ஜெரால்டின் தாத்தா கண் மருத்துவத் துறைக்காரர், பேரனுக்குச் சின்ன வயதிலேயே கண்ணுக்கும் கைக்கும் பயிற்சிகள் கொடுத்தார். பையன் பிறகு மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் பந்து எடுத்துப்போடும் வேலை பார்த்தான், கிறிஸ் கார்ட்டரும் மாஸும் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். இதில் எது பிறவி, எது பழக்கம் என்று நீங்கள் பிரித்துக் கொடுங்கள்.

மணிமாறன்_டாலஸ்
அதையும் தாண்டி ஒன்று. 2002-இல் ரைஸ் 40 வயதைத் தொட்டார். அந்த சீசனில் 92 கேட்ச், 1,211 யார்டு. 40 வயதில் எந்தப் பிறவி வேகம் மிச்சம் இருக்கும்?

சித்ரா_வி
வேகம் இல்லை, உடம்பு மிச்சம் இருந்தது! 1997-இல் முழங்கால் தசைநார் கிழிந்து, அவசரமாகத் திரும்பி வந்து, டச் டவுன் பிடித்த இடத்தில் அதே முழங்காலில் சில்லு உடைந்தது. அடுத்த சீசன் 16 ஆட்டமும் ஆடினார். கால்வின் ஜான்சன் 2012-இல் 1,964 யார்டு எடுத்த ராட்சசன், ஒன்பது சீசனில் உடம்பு தாங்காமல் போய்விட்டார். ஜான்சன் சோம்பேறியா? இருபது வருடம் அந்த மலைப்பாதையைத் தாங்கும் மூட்டு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதிகம் உழைக்க முடிவதே ஒரு வரம் என்பதுதான் என் கட்சி.

பாஸ்கர்_ஹூஸ்டன்
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். என் பையனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு அணியில் ரிசீவர். ஜக்ஸ் மெஷின் கேட்கிறான், விலை பார்த்தேன், தலை சுற்றுகிறது. வாங்கலாமா?

ரூட்ரன்னர்_11
வேண்டாம் பாஸ்கர் அண்ணா. மெஷின் ஒரே உயரத்தில், ஒரே சுழற்சியில் போடும். நீங்களே எறியுங்கள். மோசமாக எறிந்தால் இன்னும் நல்லது. மார்புக்கு மேல் வருகிற பந்துக்குக் கட்டைவிரல் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள். பந்து கைக்குள் அடங்கும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. டென்னிஸ் பந்தை ஒரு கையால் பிடிக்க விடுங்கள். முக்கியமாக, நிற்கவைத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள், ஓடி வந்து பிடிக்கட்டும்.

பழைய49
பிடித்த பிறகு எண்ட் ஸோன் வரை ஓடச் சொல்லுங்கள்.

சித்ரா_வி
பாஸ்கர், பையனின் உயரம் என்ன? சும்மா கேட்டேன்.