நார்கோலெப்ஸி (பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்ற வியாதி): எச்எல்ஏ ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ், எம்எஸ்எல்டி (பகல் தூக்க டெஸ்ட்) முடிச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

கொங்குவாசி:
எச்எல்ஏல டிக்யூபி1*06:02ங்கிற ஜீன் வகை பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கே டாக்டர் நார்கோலெப்ஸின்னு முடிச்சுட்டாருங்க, அப்புறம் சும்மா ஒரு எம்எஸ்எல்டி. பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா லைட்ட அணைச்சு படுக்கச் சொல்லுவாங்கல்ல, அதுல ஒரு தடவ எனக்குத் தூக்கமே வரல, "சாரி மேடம்"னு டெக்னீஷியன் பொண்ணுகிட்ட சொன்னா, அது ஸ்கிரீனைப் பாத்துட்டே "இல்லண்ணா, ரெண்டே நிமிஷத்துல ரெம்முக்கே, அதான் கனவு வர்ற தூக்கத்துக்கே போய்ட்டீங்க"ங்குது. அப்ப ரூம் மூலைல எங்க அம்மாயி உக்காந்து வெத்தல இடிச்சுட்டு இருந்துச்சே, அது கனவா? எனக்கு ஒயரு, கேமரா எல்லாம் தெரியுது, நடுவுல அம்மாயி. செத்து பல வருஷமாச்சுங்க. வேற யாருக்காச்சும் இப்படி?

மீனாட்சிபட்டணம்:
தங்கச்சிக்கு. கல்யாண பந்தியில எங்க மாமா ஏதோ ஜோக்கடிக்க, சிரிச்சவ அப்படியே தாடை தொங்கி முட்டி மடிஞ்சு இலை மேலயே சாஞ்சுட்டா. வலிப்புன்னு யாரோ சாவிக்கொத்த கையில திணிச்சாங்க. அவளுக்கு எல்லாமே கேட்டுச்சாம், சாவி சில்லுன்னு இருந்ததுகூட தெரிஞ்சுச்சாம், விரல மடக்கத்தான் முடியலயாம். அப்புறமும் ரொம்ப நாள் ஃபிட்ஸ் மாத்திரைதான் குடுத்தாங்க, கொடுமை.

லேப்கோட்:
@கொங்குவாசி அந்த மார்க்கர வச்சு மட்டும் முடிவு சொன்ன டாக்டர நம்பாதீங்க. எனக்கும் பாசிட்டிவ் எங்க அண்ணனுக்கும் பாசிட்டிவ், அவன் நைட் ஷிஃப்ட்ல கொட்டாவிகூட விடமாட்டான். ஒண்ணுமில்லாத ஆளுங்கள்லயே நாட்டுக்கு நாடு 100க்கு 12லேர்ந்து 30 பேர் வரைக்கும் இது இருக்கும். கேட்டாப்ளெக்ஸியோட (மேல தங்கச்சிக்கு ஆன மாதிரி சிரிச்சா உடம்பு தளர்ந்து விழறது) வர்ற டைப் 1 நார்கோலெப்ஸி ஆளுங்ககிட்ட கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கும், அதனால நெகட்டிவ் வந்தாத்தான் ஏதோ யூஸ். 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்துல ஃபின்லாந்து, ஸ்வீடன்ல பேண்டம்ரிக்ஸ் தடுப்பூசி போட்ட சில பசங்களுக்கு நார்கோலெப்ஸி வந்துச்சுல்ல, வந்தவங்கள்ல அநேகமா எல்லாருக்கும் இந்த மார்க்கர், ஆனா மார்க்கர் இருந்து ஊசியும் போட்ட பெரும்பாலான பசங்களுக்கு ஒண்ணும் ஆகல. எம்எஸ்எல்டில சராசரி 8 நிமிஷத்துக்குள்ள தூங்கணும், ரெண்டு தடவையாவது சட்டுனு ரெம் வரணும், முந்தின நைட்டு ஒழுங்கா தூங்கிருக்கணும். இல்லன்னா முதுகுல தண்ணி எடுத்து ஹைப்போகிரெடின் (நம்மள முழிச்சிருக்க வைக்கிற மூளை ரசாயனம்) ஒரு மில்லிக்கு 110 பிகோகிராமுக்குள்ள இருக்கான்னு பாக்கணும். டிப்ரஷன் மாத்திரை ரெம்ம அமுக்கிடும், டெஸ்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. மத்தியானம் சோத்த குறைங்க, குட்டித் தூக்கம் போடுங்க, வண்டி ஓட்டாதீங்க.

கொங்குவாசி:
சாமி, எம்எஸ்எல்டியும் பாசிட்டிவ்தானுங்க. நான் கேட்டது அம்மாயி விஷயம்.

மீனாட்சிபட்டணம்:
@லேப்கோட் "நிறுத்திடுங்க"ன்னு பொசுக்குனு சொல்லாதீங்க தம்பி. வென்லாஃபேக்சின்ங்கிற டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தான் தங்கச்சி விழறதே குறைஞ்சுச்சு, டெஸ்டுக்காக டாக்டரே பாத்துப் பாத்துக் குறைச்சும் முன்னவிட மோசமா விழுந்தா, பக்கத்து வீட்டுக் கொழந்தை வந்து நாக்கத் துருத்துனாக்கூட கதவப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. தானா எவனாச்சும் நிறுத்திட்டு மாடிப்படில நிக்கிறப்ப சிரிப்பு வந்தா யாரு பொறுப்பு? அது கிடக்கட்டும், அந்த முதுகுத்தண்ணி ஹைப்போகிரெடின் டெஸ்ட் மதுரைப் பக்கம் எங்க எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க.